நகரின் எல்லையும் ஏரியின் எல்லையும்



வளர்ந்துவரும் எந்த நகரத்தின் மன்றத்துக்கும் ஒருநாள் ஒரு பிரேரணை வந்தே தீரும். நகரினுள்ளே குடியிருக்க இடம் போதவில்லை. வீட்டு வாடகை ஏறிவிட்டது. ஓர் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கின்றது. எல்லைக் கல்லுக்கு அப்பாலோ காணி வெறுமையாய்க் கிடக்கின்றது. அதனை நகரோடு சேர்த்துக்கொண்டு வீடுகள் அமைத்தால் என்ன? இதுவே அப்பிரேரணை. கேட்ட அளவில் இதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இடமில்லாதவர்க்கு இடங் கொடுப்பது நல்ல காரியந்தானே? ஆயினும், நகரமன்றம் ஒன்று எடுக்கக்கூடிய தீர்மானங்களுள் பின்னர் திருத்திக்கொள்வதற்கு மிகவும் அரியது இதுவேயாகும். வரியைக் கூட்டினால் அடுத்த ஆண்டிலே குறைக்கலாம். வீதிக்கு இட்ட பெயரை மாற்றலாம். வீடு கட்டிய நிலத்தை மீண்டும் வயலாகவோ நீர்நிலையாகவோ ஆக்குதல் எளிதன்று.

இக்கேள்வியைப் பொதுப்படப் பேசிச் செல்வதிலும், ஒரு நகரத்தின் வரலாற்றை வைத்து ஆராய்வதே பயன் தரும். பாக்கு நீரிணைக்கு அப்பால் நமக்கு அண்மையிலுள்ள சென்னை இதற்கு மிகப் பொருத்தமான நகரமாகும். நாம் மாநகரசபை என்பதை அங்கே மாநகராட்சி என வழங்குவர். சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி தொடங்கப்பெற்றது. இந்தியாவின் நகராட்சி அமைப்புக்களுள் அதுவே மூத்தது. நமது கொழும்பு மாநகரசபையை ஏற்படுத்திய சட்டம் 1865இலேயே வந்தது. ஆகவே, எல்லையை விரிக்கலாமா, எவ்வாறு விரிக்கலாம் என்னும் கேள்விக்குச் சென்னை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை எழுதி வந்திருக்கின்றது. அவ்விடைகளிற் சில நன்று, சில தீது. இரண்டிலும் நமக்குப் பாடமுண்டு.

1639இல் ஆங்கிலக் கும்பினியார் பெற்றது கடற்கரையோரமாக ஒரு சிறு மணற்பரப்பு. அங்கே கோட்டை எழுந்தது; கோட்டையை அடுத்து நெசவாளரும் வணிகரும் குடியேறினர். பின்னர் சுற்றியிருந்த ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேர்ந்தன. திருவல்லிக்கேணி, எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை ஆகியவை பதினேழாம் நூற்றாண்டு முடியுமுன் சேர்ந்தவை. 1708இலே நவாப் தாவூத்கானிடமிருந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்னும் ஐந்து ஊர்கள் கிடைத்தன. இவையெல்லாம் வருமானத்துக்காகவும் காவலுக்காகவும் சேர்க்கப்பட்டவை.

வீடமைப்புக்கென்றே நிலம் எடுத்த முற்கால நிகழ்ச்சிகளுள் ஒன்று 1734இல் நடந்தது. கும்பினியாரின் துணி வாணிகத்துக்கு நெசவாளர் தேவைப்பட்டனர். அவர்களை இருத்த இடம் வேண்டியிருந்தது. கூவம் ஆறு வளைந்து செல்லும் ஓரிடத்திலே சுங்குராமர் என்னும் பெருவணிகரின் தோட்டம் இருந்தது. ஆளுநர் மோர்ட்டன் பிட் என்பவரும் அவருடைய ஆலோசனைச் சபையாரும் அத்தோட்டத்தை எடுத்து, நூற்பார்க்கும் நெய்வார்க்கும் ஒரு பேட்டை அமைத்தனர். சின்னத் தறிகளின் பேட்டையே சிந்தாதிரிப்பேட்டையாயிற்று என்று பலரும் சொல்லுவர். இன்று அவ்விடம் நகரின் நெஞ்சுக்குள் இருக்கின்றது. அக்காலத்தில் அது புறநகர். அங்கே நிலத்தை எடுக்கும்போதே, வருபவர் யார், அவர் செய்யும் தொழில் யாது என்பது தெளிவாயிருந்தது. வீடும் வேலையும் ஒரே தெருவில் இருந்தன. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. அதன் நீளத்தைக் கண்டு ஆங்கிலேயர் அதனை நெடிய ஏரி என்றே தம் மொழியில் அழைத்தனர். வெள்ளைக்காரத் துரைமார் அதிலே படகுப் போட்டி நடத்தினர். ஏரியின் மேற்கே மாம்பலம் என்னும் கிராமம். 1920இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்பின், பெருகிவரும் நடுத்தரக் குடும்பங்களுக்கு வீட்டு மனைகள் வேண்டும் என்ற காரணத்தால், அந்த ஏரியின் நீரை வடித்து அதன் படுகையில் ஒரு புதிய நகர்ப்பகுதி அமைக்கப்பட்டது. அதுவே தியாகராய நகர். மாநகராட்சியின் தலைவராய் விளங்கிய சேர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நடுவே பூங்கா, பூங்காவைச் சுற்றிப் பிரிந்து செல்லும் அகன்ற வீதிகள், மரநிழல். அக்காலத்துக்கு அது நேர்த்தியான திட்டம். பல்லாயிரம் குடும்பங்கள் அங்கே நல்வாழ்வு வாழ்ந்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆனால் ஏரி என்னாயிற்று? மேற்கு மாம்பலத்திலே ஏரிப்பார்வை வீதி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் இன்றும் ஒரு வீதி இருக்கின்றது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்திலே ஏரிக்கரை வீதி என்னும் பொருளுடைய ஒரு வீதி உண்டு. கரையும் இல்லை, ஏரியும் இல்லை. எஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப்பகுதியும் 1970களிலே தூர்க்கப்பட்டது. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் அந்த ஏரி நிலத்திலேயே நிற்கின்றது. ஆயினும் பெருமழை பெய்யுங் காலத்தில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து நிற்கின்றது. மாம்பலத்துத் தெருக்களில் முழங்காலளவு நீர் தேங்குவதைச் செய்தியாய்க் கேட்கும்போது, நகரத்துக்குள் நீர் புகுந்தது என்கின்றோம். நீரின் இருப்பிடத்துக்குள் நகரம் புகுந்தது என்பதே சரியான கூற்று.

இங்கே ஏரி என்றால் என்ன என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். நாம் குளம் என்பதைத் தொண்டை நாட்டார் ஏரி என்பர். நம் வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்திருப்பதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தை அடையும். செங்கற்பட்டுப் பகுதியும் அத்தகையதே. நாம் வான் என்பதை அவர்கள் கலிங்கு என்பர். நாம் துருசு என்பதை மதகு என்பர். ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக் கால்வாய், மிகுநீரைக் கொண்டுசெல்லும் கலிங்கு, வயலுக்கு விடும் மதகு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஏரி. சென்னையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில், அதுவும் சில நாட்களிலே, கொட்டித் தீர்ந்துவிடும். நிலமோ தட்டையானது, கடல் மட்டத்தினின்றும் சில மீற்றரே உயர்ந்தது. ஆகவே, பெய்த மழையை உடனே கடலுக்கு அனுப்பவும் இயலாது. அனுப்பிவிட்டால் பின்பு குடிக்க நீரும் கிடையாது. தேக்கி வைத்து, மெல்ல மெல்லக் கீழிறக்குவதே அந்நிலத்துக்கு ஏற்ற வழி. அதனை முன்னோர் அறிந்து ஏரிகளைத் தொடராய் அமைத்தனர்.

எல்லை விரிவு இந்த அமைப்பை எவ்வாறு சிதைக்கின்றது? ஏரியை ஒருவர் வேண்டுமென்றே அழிப்பதில்லை. முதலில் ஏரியின் கீழுள்ள வயல்கள் மனைகளாகின்றன. வயல் இல்லாதபோது மதகைத் திறப்பாரும் மூடுவாரும் இல்லை. கால்வாயைத் தூர்வாருவாரும் இல்லை. பயிர் செய்தவரே ஏரியின் காவலர். அவர் போனதும் ஏரி காவலற்றதாகின்றது. பின்னர், இது வெறும் பள்ளம், கொசு பெருகுமிடம், குப்பை கொட்டுமிடம் என்று ஆகின்றது. அதன்பின்பே மன்றத்துக்குப் பிரேரணை வருகின்றது: இந்தப் பயனற்ற நிலத்தை வீடமைப்புக்குப் பயன்படுத்தலாமே என்று. அப்போது கையை உயர்த்தும் உறுப்பினர் தம் மனச்சாட்சிக்கு விரோதமாக எதையும் செய்வதில்லை. அவர் முன்னுள்ள காகிதத்தில் அது பயனற்ற நிலமென்றே எழுதியிருக்கின்றது.

இதற்கு நிலவரிக் கணக்கிலுள்ள ஒரு சொல்லும் காரணம். புறம்போக்கு என்பது அச்சொல். வரி விதிப்புக்குப் புறம்பான நிலம் என்பதே அதன் பொருள். ஏரி, கால்வாய், மேய்ச்சல் தரை, சுடுகாடு, வண்டிப்பாதை யாவும் புறம்போக்கே. ஊர் முழுவதற்கும் பொதுவாய்ப் பயன்படுவதால் ஒருவரிடமும் வரி கொள்ளாது விட்ட நிலம் அது. காலப்போக்கில் அச்சொல்லுக்கு யாருக்கும் பயன்படாத நிலம் என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. பொதுச் சொத்து கேட்பாரற்ற சொத்தாயிற்று. ஆகவே, நிலத்தைச் சேர்க்க எண்ணும் மன்றம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது: இந்த நிலம் உண்மையில் வெறும் நிலந்தானா? மழை பெய்யாத சித்திரை மாதத்தில் அந்நிலத்தைப் போய்ப் பார்த்தல் போதாது. கார்த்திகையிலும் போய்ப் பார்த்தல் வேண்டும்.

இக்கேள்வியைக் கேட்காமையால் விளைந்த கேட்டுக்குப் பள்ளிக்கரணையைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. சென்னையின் தெற்கே கிடக்கும் பெருஞ் சதுப்பு நிலம் அது. 30க்கு மேற்பட்ட ஏரிகளின் மிகுநீர் அங்கே வந்து கூடி, ஒக்கியம் மடுவு வழியாகச் சென்று, கோவளக் கழிமுகத்திற் கடலை அடையும். ஒருகாலத்தில் 5,000 எக்டெயருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அச்சதுப்பு நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. நகரத்தின் குப்பைமேடு அங்கே எழுந்தது. கழிவுநீர் நிலையம் எழுந்தது. அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமும் இரயில் பாதையும் கணினித் தொழிற்கூடங்களும் வீடுகளும் எழுந்தன. தனியார் மட்டுமன்று, அரசாங்கத் திணைக்களங்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டன. 2007இல் ஒரு பகுதி காப்புக் காடாக்கப்பட்டது. 2022இலே அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலுக்குரிய பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டெயர்.

2015ஆம் ஆண்டு நவம்பரிலே சென்னையில் 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. டிசெம்பர் முதலாந் திகதி தொடங்கி ஒரே நாளிலே தாம்பரத்தில் 490 மில்லிமீற்றருக்கு மேற் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து பெருநீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரைபுரண்டது. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை, கோட்டூர்புரம் எனப் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அப்பருவத்து மழைவெள்ளத்தில் தமிழ்நாட்டில் இறந்தோர் 400க்கு மேற்பட்டோர். மழை அளவு அசாதாரணமானது. ஏரி திறந்துவிடப்பட்ட முறையைப் பற்றியும் பின்னர் கடுமையான விவாதங்கள் நடந்தன. எனவே எல்லாப் பழியையும் நிலத்தை நிரப்பியதன் மேற் போடுதல் தகாது. ஆனால் மழை எவ்வளவு பெய்யும் என்பதை எந்த மன்றமும் தீர்மானிக்க முடியாது. பெய்த மழை எங்கே நிற்கும் என்பதை மன்றம் தீர்மானிக்கின்றது.

அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 2019 யூன் மாதத்திலே, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிவிட்டன. யூலையில், 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலிலே தண்ணீர் கொண்டுவரவேண்டியதாயிற்று. வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரம் தாகத்தில் வாடிற்று. நீரைத் தேக்கும் இடங்களை இழந்த நகரத்துக்கு மழை மிகினும் துன்பம், குறையினும் துன்பம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சேர்த்துக்கொண்ட பகுதிக்கு நீரும் வடிகாலும் வீதியும் யார் செலவில், எப்போது வரும்?

சென்னையின் எல்லை 1946இலும் 1978இலும் விரிந்தது. 2011இல் நடந்ததோ பெருவிரிவு. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக 42 உள்ளூராட்சி அமைப்புக்கள் ஒரேயடியாக மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டன. 174 சதுர கிலோமீற்றராயிருந்த நகரம் 426 சதுர கிலோமீற்றராயிற்று. 1708இலே கும்பினியாருக்குக் கிடைத்து, பின்பு தனித்தனி நகராட்சிகளாயிருந்த திருவொற்றியூரும் கத்திவாக்கமும் இந்த முறை மீண்டும் நகரெல்லைக்குள் வந்தன.

நகரோடு சேர்ந்ததும் ஒருவருக்கு முதலில் வருவது வரிச்சீட்டு. நாம் சோலைவரி என்பதை அங்கே சொத்துவரி என்பர். வரி வருவதற்கு ஒரு கட்டளை போதும்; வடிகால் வருவதற்குக் கடனும் திட்டமும் நெடுங்காலமும் வேண்டும். வடக்கே கொசஸ்தலையாற்றுப் படுகையிற் சேர்ந்த பகுதிகளுக்கு மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய அபிவிருத்தி வங்கி 251 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது 2021இல். அதாவது, ஊர்கள் சேர்ந்து பத்தாண்டு கழிந்த பின். இடைப்பட்ட பத்து மழைக்காலங்களை அங்கிருந்தவர் எவ்வாறு கழித்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லாது விடலாகாது. சேர்க்காது விட்டால் நிலம் காக்கப்படும் என்று எண்ணுவதும் பிழை. நகரெல்லைக்கு வெளியே, திட்ட அனுமதியின்றி வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டன. குறைந்த விலைக்கு மனை கிடைத்த மகிழ்ச்சியில் வாங்கியவர் சிறுகச் சிறுகச் சேமித்தவர், அவர்மேற் குற்றமில்லை. அவ்வழக்கம் எவ்வளவு பரவியதென்றால், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவுசெய்வதற்குத் தடை விதித்தது. 2017இல் அரசாங்கம் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வகுக்கவேண்டியதாயிற்று. கட்டுப்பாடில்லாத புறநகரைவிடக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட நகரம் நல்லதுதான். ஆகவே கேள்வி, சேர்ப்பதா விடுவதா என்பதன்று. எந்த ஒழுங்கிற் செய்வது என்பதாகும்.

ஒழுங்கு தவறாது செய்ய முடியும் என்பதற்கும் அங்கேயே ஒரு சான்றுண்டு. ஆலந்தூர் என்பது அப்போது தனியொரு சிறு நகராட்சி. அங்கே நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் இல்லை. மாநகராட்சியுடன் சேரும் நாளுக்காகக் காத்திராமல், அந்நகராட்சியார் மக்களிடமே சென்றனர். இணைப்புக்கென ஒவ்வொரு வீட்டாரும் 5,000 ரூபா முன்பணமாகத் தரவேண்டும் என்று கேட்டனர். குழாய் இன்னும் புதைக்கப்படவில்லை; ஆயினும் பல்லாயிரம் குடும்பத்தார் நம்பிப் பணங் கட்டினர். 2000ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. சில ஆண்டுகளில் இணைப்புக்கள் வந்தன. 2011இலே ஆலந்தூர் மாநகராட்சியுடன் சேர்ந்தபோது, குழாய்களோடு சேர்ந்தது. சிறிய மன்றமாயினும், கணக்கை மக்கள் முன் விரித்து வைத்தால் மக்கள் தம் பங்கைத் தருவர் என்பதை ஆலந்தூர் காட்டிற்று.

மூன்றாவது கேள்வி: வீடு யாருக்கு? காணிக்குப் பஞ்சம் என்று சொல்லும்போது, ஏழைகளின் பெயரைச் சொல்லியே நிலம் எடுக்கப்படும். ஆனால் நல்ல நிலம் விலைபோகும்; பள்ள நிலமே ஏழைக்கு எஞ்சும். சென்னையிலே கூவக் கரையிலும் பிற இடங்களிலும் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டு தொடக்கம் நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகருக்கும், அதன்பின் செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். கண்ணகி நகரில் மட்டும் ஏறத்தாழ 15,000 வீடுகள். நகரின் நடுவிலிருந்து அது 20 கிலோமீற்றர் அளவு தூரத்திலுள்ளது. குடிசைக்குப் பதிலாகக் கல்வீடு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு வேலை செய்யும் வீடு தூரமாயிற்று. கூலிக்காரருக்குக் கூலியின் ஒரு பங்கு பேருந்துக் கட்டணமாயிற்று. நடுவாண்டில் இடம்பெயர்ந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போயிற்று. 1734இலே சிந்தாதிரிப்பேட்டையில் வீடும் தறியும் ஒரே தெருவில் இருந்தன என்று முன்னர் சொன்னோம். இலாபமே கருதிய கும்பினியாருக்குத் தெரிந்திருந்த உண்மை பின்வந்தோருக்கு மறந்துபோனது வருந்தத்தக்கது.

இன்னுமொரு வேதனை உண்டு. 2015 வெள்ளத்தின் பின், ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று சொல்லி, மேலும் பல குடும்பங்களை அகற்றினர். அவர்களிற் பலர் சென்ற இடம் பெரும்பாக்கம். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்திருப்பது. அந்த வெள்ளத்திலேயே நீர் சூழ்ந்த இடம். 2023 டிசெம்பரிற் புயல்மழை வந்தபோதும் அங்கே நீர் சூழ்ந்தது. வெள்ளத்துக்கு அஞ்சி அகற்றப்பட்டவரை வெள்ளம் வரும் இடத்திலேயே குடியிருத்தினால், அதனை வீடமைப்பு என்று எவ்வாறு சொல்வது?

நான்காவது கேள்வி: சேர்க்கப்படுபவருக்கு மன்றத்திலே குரல் உண்டா? 2011 கணக்கெடுப்பின்படி பழைய நகரத்தின் மக்கள் 46 இலட்சம். விரிந்த நகரத்தில் 66 இலட்சத்துக்கு மேல். 200 வட்டாரங்களில் பழைய பகுதிக்கு 107, புதிய பகுதிக்கு 93 என்று பிரித்தனர். மக்கள் தொகைக்கு ஏற்பப் பார்த்தால் புதிய பகுதிக்குத் தாராளமாகவே இடங் கொடுத்தனர் எனலாம். ஆனால் 2016 ஒக்டோபரில் அம்மன்றத்தின் காலம் முடிந்தபின், அடுத்த தேர்தல் நடந்தது 2022 பெப்ரவரியிலேயே. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அதிகாரிகளே நகரை நிருவகித்தனர். 2019இன் வறட்சி வந்ததும் அக்காலத்திலேயே. தம் கிராமத்து ஊராட்சியில் தலைவரின் வீட்டுத் திண்ணையிற் போய்க் குறை சொன்னவர்கள், குழாயில் நீர் வராதபோது போய் நிற்க ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லாதிருந்தனர். சிறிய ஊராட்சியை இழப்பவர், அதற்கீடாகப் பெறுவது வெறும் எல்லைக் கோடாயிருத்தல் கூடாது.

இவையெல்லாம் அயலாரின் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் என்பார் நகரமைப்பைப் பற்றி ஆராயச் சென்னைக்கும் வந்தார். பின்னர் கொழும்புக்கும் வந்து 1921இல் ஓர் அறிக்கை தந்தார். கொழும்பைச் சோலை நகரமாக வளர்க்கலாம் என்று அவர் கருதினார். கொழும்பின் வரலாறோ சென்னைக்கு நேர்மாறானது. கொழும்பு மாநகரசபையின் பரப்பு 37 சதுர கிலோமீற்றர் அளவே. எல்லை விரியவில்லை, நகரமோ எல்லையைத் தாண்டிக் கோட்டே, தெகிவளை, கொலன்னாவை என்று பரந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சபை. தனித்தனி வடிகால் திட்டம். ஆனால் சதுப்பு நிலம் ஒன்றே. தாழ்ந்த நிலங்களை நிரப்பி அபிவிருத்தி செய்வதற்கென 1968இல் ஒரு சபையும் அமைத்தோம். 2010 நவம்பரிலே பெய்த ஒரு நாள் மழையில், தியவன்னா ஓயாவின் நடுவேயுள்ள பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அதன்பின்னரே, சதுப்பு நிலம் நகரத்தின் வெள்ளத்தை வாங்கி வைக்கும் பாத்திரம் என்பதை அதிகாரத்திலுள்ளோரும் உணரத் தலைப்பட்டனர். 2018இலே கொழும்பு, ராம்சார் அமைப்பினால் ஈரநில நகரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எல்லையை விரித்த நகரமும் விரிக்காத நகரமும் ஒரே பாடத்தை ஒரே வழியிற் கற்றன. நகரின் எல்லையை மன்றம் வரையலாம். நீரின் எல்லையை மழை முன்னரே வரைந்து வைத்திருக்கின்றது.

அப்படியானால் ஒரு நகரமன்றம் செய்யவேண்டியது யாது? செயற்கரியது எதுவுமில்லை. முதலாவதாக, வீதிப் படம் வரையுமுன் நீர்ப் படம் வரைதல் வேண்டும். குளம், வாய்க்கால், பள்ளக் காணி ஆகியவற்றைக் குறித்து, அவற்றை விற்பனைக்கும் விநியோகத்துக்கும் புறம்பாக வைத்தல் வேண்டும். அவ்வூரில் நெடுங்காலம் பயிர் செய்த முதியோரைக் கேட்டால், எந்தக் கார்த்திகையில் எந்த வேலிவரை நீர் வந்தது என்பதை அளவுகோலின்றியே சொல்லுவர். இரண்டாவதாக, வடிகாலும் குழாயும் புதைத்த பின்பே வீட்டுக்கு அனுமதி வழங்கல் வேண்டும். செலவுக் கணக்கை மக்கள் முன் வைத்தல் வேண்டும். மூன்றாவதாக, புதிய நிலத்தைத் தேடுமுன், நகரினுள்ளே பூட்டிக் கிடக்கும் காணிகளையும் பாழடைந்த பண்டசாலைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழைப்பாளிக்கு உழைப்புக்கு அருகிலேயே ஒரு பங்கு வீடு ஒதுக்குதல் வேண்டும். நான்காவதாக, சேர்க்கும் நாளிலேயே சேர்க்கப்படுவோரின் பிரதிநிதிக்கும் மன்றத்திலே ஆசனம் இருத்தல் வேண்டும். அவ்வாசனம் ஒருநாளும் வெறுமையாகாதவாறு தேர்தல் உரிய காலத்தில் நடைபெறுதல் வேண்டும்.

இவற்றைச் செய்வதற்குக் காலம் பிடிக்கும். வீடற்றவர் அதுவரை காத்திருப்பதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவசரத்திற் கட்டிய வீட்டின் மேல்மாடத்தில் நின்று, கீழ்மாடத்தில் மிதக்கும் தம் பாயையும் பாத்திரத்தையும் பார்த்தவர்கள், அந்த அவசரத்தின் விலையை இரண்டாம் முறையும் கட்டியவர்கள். வீடு என்பது கூரையும் சுவரும் மாத்திரமன்று. மழை பெய்யும் இரவில் அஞ்சாது உறங்கக்கூடிய இடமே வீடு. மன்றத்திலே கையை உயர்த்துமுன் ஒவ்வோர் உறுப்பினரும் அதனை எண்ணிப் பார்ப்பாராக. அவரைத் தேர்ந்தெடுக்கும் நாமும், வாக்குச் சீட்டைப் போடுமுன், நம் ஊரில் நீர் செல்லும் வழி எதுவென்று அவரை ஒருமுறை கேட்டு வைப்போமாக.